பூமணி அக்காவின் முழங்காலும் ஈரச் சுவரும்

"அண்ணன், நீங்க இந்த மாசத்துக்குள்ள வந்து பாக்கல்லெண்டா நாங்க டவுனில வீடு எடுத்துப் போயிருவம். மறுகா இந்தச் செவரப் பேய் பாத்துக் கொள்ளட்டும்."

ரவீந்திரன் என்னிடம் போனில் பேசிய முதல் வார்த்தை இதுதான். வணக்கமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை. ஆள் கெட்டவன் இல்லை, பயந்து போயிருந்தான். அவனுடைய மூன்று வயது மகளுக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா வருத்தம். மாரி தொடங்கினால் பிள்ளையின் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். ஈரச் சுவர் உள்ள அறையில் பிள்ளையைப் படுக்கப் போடவேண்டாம் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார். அந்த வீட்டிலோ எந்த அறைக்குப் போனாலும் ஈரச் சுவர்.

நான் பெயின்ட் வேலைக்காரன். மட்டக்களப்பு டவுனிலும் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை ஊர்களிலும் நான் சுரண்டிப் பார்க்காத சுவர் குறைவு. இப்போது ஏணியில் ஏறுவதில்லை, கீழே நின்று சத்தம் போடுவதோடு சரி. தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எந்தப் பெயின்ட் நல்லது, எந்தப் பிரஷ் நல்லது என்று கேட்கிறார்கள். சுவரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லாமல் விடுகிற குணம் எனக்கு இல்லை.

ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். வீட்டுக்காரர் கெஞ்சுவார், கோபிப்பார், வேறு ஆளைப் பார்ப்பேன் என்பார். பார்க்கட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடிக்கிற பெயின்ட் அடுத்த மாரிக்குள் தோல் உரிந்து நிற்கும். அப்போது திட்டு வாங்குவது பெயின்ட் கம்பெனி இல்லை, நாங்கள்தான்.

மூன்று பேர், மூன்று காரணம்

ரவியின் வீடு பழுகாமத்துப் பக்கம், வாவி எட்டிப் பார்க்கிற தூரத்தில். வீடு அவனுடையது என்று சொன்னால் அவனே ஒத்துக்கொள்ள மாட்டான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் பேசும்போதே வீட்டையும் பேசிவிடுவார்கள். மகளும் மருமகனும் பெரிய வீட்டில் இருக்க, தாயும் தகப்பனும் அதே வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போவார்கள். ரவியின் மனைவி சுகந்திக்கு அவளுடைய தகப்பன் சாமித்தம்பி அண்ணன் அப்படிக் கட்டிக் கொடுத்த வீடு அது. மகளுக்கு அதை விட்டுவிட்டு அவரும் மனைவி பூமணி அக்காவும் பின்னால் இரண்டு அறையில் இருந்தார்கள்.

ஆகவே ரவி டவுனுக்குப் போவது என்பது வெறும் வீடு மாறுகிற விஷயம் இல்லை. தகப்பன் கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகள் வாடகைக்குப் போனால் ஊர் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். சாமித்தம்பி அண்ணனுக்கும் தெரியும். மனிசன் என்னை வாசலில் கண்டவுடன் கேட்டது இதுதான்.

"தம்பி, வீட்டில பிழை இரிக்கா இல்லையா எண்டு மட்டும் சொல்லுங்க. பிழையெண்டா நான் இடிச்சிக் கட்டித் தாறன்."

மாசி மாதம். மழை ஓய்ந்து வயல் வட்டையில் வேளாண்மை பழுத்துக் கிடந்த நேரம். வயல்காரன் வயலை விட்டுவிட்டுச் சுவருக்காக வளவில் நிற்கிறார் என்றால் அவர் மனதில் என்ன பாரம் இருந்திருக்கும் என்று பாருங்கள்.

உள்ளே போனேன். முழங்கால் உயரம் வரைக்கும் சுவர் கறுத்து ஊறிக் கிடந்தது. அதற்கு மேல் வெள்ளையாக உவர் பூத்திருந்தது. ரவி போன வருடம் கடையில் சொன்னதைக் கேட்டு வாட்டர்புரூப் பெயின்ட் வாங்கித் தன் கையாலேயே அடித்திருக்கிறான். அது அப்பளம் போலப் பொங்கி, கை பட்டால் உதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை தகப்பனின் தோளில் கிடந்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இனி வீட்டாரின் விளக்கங்கள்.

"மணல்தான் அண்ணன்," என்றான் ரவி, மாமனாருக்குக் கேட்காத குரலில். "வீடு கட்டக்குள்ள உப்பு மணல் கலந்திட்டாங்க. மாமாட்ட எப்பிடிக் கேக்கிற?"

"பீலிதான்," என்றார் சாமித்தம்பி அண்ணன், மருமகனுக்குக் கேட்காத குரலில். "கூரைப் பீலியில இலை அடைச்சிக் கிடக்கு. ஏறித் துப்பரவாக்கச் சொன்னா மருமகன் கோவிச்சிக் கொள்ளுவாரோ எண்டு பேசாம இரிக்கன்."

"பாத்ரூம் பைப் ஒண்டு உள்ளுக்க ஒழுகுது போல," என்றாள் சுகந்தி, இரண்டு பேருக்கும் கேட்கிற குரலில். அவள்தான் கெட்டிக்காரி. பைப்புக்கு மாமனாரும் இல்லை, மருமகனும் இல்லை.

ஒருவர் மனம் ஒருவர் நோகக்கூடாது என்று அந்த வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். எனக்கு அந்த வீட்டை அப்போதே பிடித்துவிட்டது. பிடித்துப்போன வீட்டில் வேலை செய்வது கஷ்டம். உண்மையைச் சொல்லும்போது குரல் நடுங்கும்.

பீலி, பைப், உப்பு

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புதியவர்களுக்காக விவரமாகச் சொல்கிறேன்.

கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடுகிற பீலி ஒழுகினால் ஈரம் மேலிருந்து இறங்கும். சுவரின் தலைப்பக்கம் கறை இருக்கும். இங்கே தலைப்பக்கம் காய்ந்து கலகலவென்று இருந்தது. பீலியில் இலை கிடந்தது உண்மை. அதை எடுத்துப் போட்டேன், அது வேறு விஷயம்.

பைப் ஒழுகினால் ஈரம் அந்த இடத்தைச் சுற்றித்தான் பெரிதாகும், மழை வெயில் பார்க்காது. தண்ணீர் டாங்கியை நிரப்பி, எல்லாப் பைப்பையும் பூட்டி, டாங்கியில் மட்டம் குறித்துவிட்டுப் பகல் முழுக்க ஒருவரையும் தண்ணீர் தொடவேண்டாம் என்றேன். பின்னேரம் பார்த்தால் மட்டம் அப்படியே நின்றது. பைப்பும் தப்பியது.

சில வீடுகளில் ஈரம் சுவருக்குள் இருந்து வருவதில்லை, அறைக் காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதைப் பிரித்துப் பார்க்கச் சுவரில் ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிடவேண்டும். பொலித்தீனின் வெளிமுகத்தில் தண்ணீர் நின்றால் காற்று. உள்முகத்தில் நின்றால் சுவர். நான் ஒட்டிவிட்டுப் போய், இரண்டொரு நாள் கழித்து வந்தேன். உள்முகத்தில் முத்து முத்தாக நின்றது.

மிஞ்சியது உப்பு. அத்திவாரத்துக்கு மேல், சுவர் தொடங்குகிற இடத்தில், நிலத்து ஈரம் ஏறாமல் ஒரு தடுப்பு வைப்பார்கள். சீமெந்து போட்டு மேலே தார் பூசுகிற அந்தக் கறுத்த வரியை டி.பி.சி. என்போம். உப்பு மணலில் கட்டியிருந்தாலோ டி.பி.சி. கெட்டுப் போயிருந்தாலோ வீட்டில் எல்லாச் சுவரும் ஊறவேண்டும். வெளிச்சுவர் என்றும் உள்சுவர் என்றும் உப்பு பார்க்காது.

நான் அறைக்கும் அறைக்கும் நடுவில் நிற்கிற சுவர்களைத் தட்டிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தன. சமையலறைக்கும் ஹோலுக்கும் நடுச்சுவர், படுக்கை அறைகளின் நடுச்சுவர், ஒன்றிலும் ஒரு பொட்டு உவர் இல்லை. வெளியைப் பார்த்த சுவர்கள் மட்டும் வீட்டைச் சுற்றி ஒரே உயரத்துக்கு ஊறியிருந்தன.

"தம்பி ரவி," என்றேன், இந்த முறை எல்லாருக்கும் கேட்கிற குரலில். "மணலில பிழை இல்ல. கட்டின வேலையிலயும் பிழை இல்ல. இந்த வீடு நல்லாக் கட்டின வீடு."

சாமித்தம்பி அண்ணன் சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு எனக்கு இளநீர் வெட்டப் போனார். ஒன்று போதும் என்று சொல்லியும் ஒரு குலையையே இறக்கிவிட்டார். மருமகன் முன்னால் அவருடைய வீட்டுக்கு நல்ல பெயர் கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம்.

எனக்குத்தான் சந்தோஷம் இல்லை. தண்ணீர் வெளியில் இருந்து வருகிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. வெளியே சுற்றி வந்து பார்த்தால் சுத்தமான வெள்ளை மணல் முற்றம். சுவர் ஓரமாகப் பூமணி அக்கா நட்ட குறோட்டன்கள் நிறம் நிறமாக நின்றன. தண்ணீர் தேங்குகிற ஒரு பள்ளம்கூட இல்லை. முற்றம் சுவரில் இருந்து விலகி நன்றாகச் சரிந்து இருந்தது. இந்த வீட்டுக்கு என்ன வருத்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

பூமணி அக்காவின் முழங்கால்

ரவி வேலைக்குப் போய்விட்டான். பின்னேரம் வரைக்கும் சுற்றிப் பார்த்துக் களைத்து, மிஞ்சிய இளநீரைக் குடித்துக்கொண்டு வாசலில் கதிரை போட்டு இருந்தேன். பூமணி அக்கா பின்வீட்டில் இருந்து பிளேன்டீயும் வாழைப்பழமும் கொண்டுவந்தா. இளநீருக்கு மேல் பிளேன்டீ. அந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. தட்டோடு படியேறி உள்ளே போனா, பிள்ளையைக் கொஞ்சினா, திரும்பி இறங்கி வந்தா. முகத்தில் ஒரு பெருமை.

"பாத்தீங்களா தம்பி, எப்பிடி ஏறி இறங்கிறன் எண்டு?"

பார்த்தேன் என்றேன். என்ன பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது.

"முழங்கால் வருத்தம். இஞ்ச ஏற ஏலாமக் கிடந்தனான். பரியாரியார் ஒரு எண்ணெய் தந்தாரு. பூசிக்கிட்டு வர, வருசத்துக்கு வருசம் சுகம் கண்டு கண்டு, இப்ப மகள்ர வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தினை தரம் வாறன் எண்டு கேளுங்க. பேத்தியப் பாக்காம எனக்கு இரிக்க ஏலா."

"நல்ல எண்ணெய்தான் அக்கா. எனக்கும் முழங்கால் சரியில்ல. பெயரச் சொல்லுங்க."

"சொல்றன். ஆனா எல்லாத்துக்கும் கேக்குதில்ல தம்பி. கோயில் படியில ஏறக்குள்ள மட்டும் இன்னும் உயிர் போகுது."

பிளேன்டீ வாய்க்குப் போகாமல் கையில் நின்றது.

"கோயில் படியில நோகுது. இந்தப் படியில நோகல்ல?"

"இல்ல. இஞ்ச நோகிறல்ல."

"முந்தி இஞ்ச எப்பிடி ஏறின நீங்க?"

"அத ஏன் கேக்கிறீங்க. சுகந்திட கல்யாணத்தண்டு மூணு படியும் ஏற ரெண்டு பேர் பிடிச்சித் தூக்கினாங்க. மாப்பிள்ளை வீட்டாக்கள் முன்னால எனக்கு வெக்கமாப் போயிற்று."

நான் குனிந்து பார்த்தேன். வாசலில் ஒரு படிதான் இருந்தது. அதுவும் அரைப் படி.

மற்ற இரண்டு படியும் எங்கே போயின என்று நான் அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிடமே அந்த எண்ணெயின் பெருமை போயிருக்கும். ஒரு மனுசி இத்தனை வருடம் நம்பிக்கையோடு தேய்த்த எண்ணெய். தட்டில் இருந்த வாழைப்பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தால் உளறத் தேவையில்லை.

முற்றத்துக்கு எப்போது மணல் போடுவீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"அவர்தான் போடுவாரு. வருசா வருசம் மாரிக்கு முந்தி உழவு மிசின் பெட்டியில கொண்டந்து வீட்டச் சுத்திக் கொட்டுவாரு. செவரோட அணைச்சிப் போடுவாரு. நான் மேல பூக்கண்டு நட்டிருவன். மண் அரிச்சிக் கொண்டு போகாதெல்லா? காலையும் பின்னேரமும் தண்ணி ஊத்தினா நல்லாப் புடிச்சிக் கொள்ளும்."

அவ்வளவுதான். எல்லாம் விளங்கிவிட்டது. டி.பி.சி. வரி சுவருக்குள் நல்லபடியாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே மணல் அந்த வரியைத் தாண்டி மேலே வந்துவிட்டது. நிலத்து ஈரம் கீழிருந்து ஏறத் தேவையே இல்லை. வரிக்கு மேலே பக்கவாட்டில் நேராகச் சுவருக்குள் போகலாம். மாரியில் மழைத் தண்ணீர், மற்ற நாளில் பூக்கன்றுக்கு ஊற்றுகிற தண்ணீர். வருடத்துக்கு ஒரு சாண் என்று ஏறியிருந்தால் யாராவது கண்டிருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் ஒருவரும் காணவில்லை. அக்காவின் முழங்கால் மட்டும் கண்டுபிடித்தது. அதுவும் தனக்குச் சுகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது.

மண்வெட்டி

இனி சாமித்தம்பி அண்ணனிடம் எப்படிச் சொல்வது? மணலில் பிழை இல்லை என்று காலையில் சொல்லி அந்த மனிசனைச் சந்தோஷப்படுத்தியவன் நான். பின்னேரம் வந்து, மணல்தான் பிழை, அதுவும் நீங்கள் கொட்டின மணல் என்று சொல்லவேண்டும். பேத்தியின் முட்டு, மருமகனின் வாடகை வீடு, எல்லாம் அவர் தலையில் வந்து விழும். பெயின்ட் சரியில்லை என்று சொல்லிவிட்டு ஓடிப்போகலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது.

கடைசியில், "அண்ணன், ஒரு மண்வெட்டி தாங்க, செவரிட அடியப் பாக்கணும்," என்றேன்.

அவர் மண்வெட்டியைக் கொண்டுவந்தார். என் கையில் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆளை வெட்டவிடுகிற ஆள் இல்லை அவர். ஒரு குறோட்டனைப் பக்குவமாகப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தானே வெட்டத் தொடங்கினார். வேலைக்குப் போயிருந்த ரவியும் அந்த நேரம் வந்து சேர்ந்து, சட்டை மாற்றாமல் பக்கத்தில் நின்றான். சுகந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

மேல் மணல் வெள்ளையாக வந்தது. ஒரு சாண் போனதும் கறுத்து ஈரமாக வந்தது. அதற்குக் கீழே சுவரில் காவி நிறப் பட்டி ஒன்று தெரிந்தது. கல்யாணத்துக்கு வீட்டின் அடியைச் சுற்றி அடித்த பட்டி. அதன் மேல் விளிம்பில், பிளாஸ்டர் உதிர்ந்த இடத்தில், கறுப்பாக ஒரு வரி.

"இது நான் வச்ச தார்," என்றார் சாமித்தம்பி அண்ணன். "மேசன் ஒரு பூச்சுப் போதும் எண்டான். நான் நிண்டு ரெண்டாவது பூச்சும் பூசுவிச்சன். புள்ளைக்குக் குடுக்கிற வீடெல்லா எண்டு."

"நல்ல தார் அண்ணன். இன்னும் வெடிக்கல்ல."

அவர் அந்த வரியைப் பார்த்தார். பிறகு மண்வெட்டிக்காம்பை அதன் மேல் வைத்து, மணல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தார். எவ்வளவு உயரம் ஏறியது என்று நான் சொல்லத் தேவைப்படவில்லை. வயலில் தண்ணீர் எங்கிருந்து எங்கே பாயும் என்று பார்த்துப் பார்த்தே வாழ்ந்த மனிசன். அப்படியே மணலில் குந்திவிட்டார்.

"அப்ப நான்தானா," என்றார்.

மண்வெட்டியில் ஒட்டிய ஈர மணலை விரலால் வழித்தார்.

"ஒங்கட அப்பா வீடு பாக்க வந்தண்டு கேட்டாரு," என்று ரவியைப் பார்க்காமல் ரவியிடம் சொன்னார். "வாவிக்குக் கிட்டக் கிடக்கே, தண்ணி ஏறாதா எண்டு. நான் சொன்னன், என்ட புள்ளைட வீட்டுக்குள்ள தண்ணி ஏறாது, அதுக்கு நான் பொறுப்பு எண்டு. பெரிய வெள்ளத்தில ரெண்டாவது படி வரைக்கும் வந்திட்டுது. அண்டைக்குத் தொடங்கினதுதான் இந்த மணல்."

உண்மையைச் சொல்கிறேன், நான் ரவியைப் பயந்துகொண்டுதான் பார்த்தேன். இத்தனை மாதம் பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு இருந்த தகப்பன். அவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல உரிமை இருந்தது. அவன் கந்தோர் வேலைக்குப் போட்ட சட்டையின் கையை மடித்துவிட்டு, குனிந்து மாமனாரின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினான்.

"தண்ணி ஏறல்லதானே மாமா," என்றான். "நீங்க சொன்ன மாதிரி ஒரு நாளும் வீட்டுக்குள்ள தண்ணி ஏறல்லையே. எழும்பித் தள்ளி நில்லுங்க, நான் வெட்டுறன்."

சாமித்தம்பி அண்ணன் எழும்பவில்லை. இருந்த இடத்திலேயே கொஞ்சம் தள்ளி, மருமகன் வெட்டுகிற மணலைக் கையால் அள்ளி அள்ளி அப்பால் போட்டார்.

மூன்று படி

அதன் பிறகு நடந்தது வேலை. வீட்டைச் சுற்றிக் கிடந்த மணலைப் பழைய மட்டத்துக்கு இறக்கினார்கள். மழைத் தண்ணீர் சுவர்ப் பக்கம் வராமல் ஓட ஒரு கான் வெட்டினோம். பூக்கன்றுகளை வேலியோரம் மாற்றினோம். ஊறிப்போன பிளாஸ்டரை இடுப்பு உயரத்துக்குக் கொத்தி எடுக்கச் சொன்னேன். கோடையில் வீசுகிற காய்ந்த கச்சான் காற்று முடியும்வரை சுவரை அப்படியே அம்மணமாக விடச் சொன்னேன். பிள்ளையை நடு அறையில் வெளிச்சுவரை விட்டுத் தள்ளிப் படுக்க வைத்தார்கள்.

வெள்ளத்துக்கு என்ன செய்வது என்று சாமித்தம்பி அண்ணனிடம் நான் கேட்க முன்னமே அவர் யோசித்துவிட்டார். "வட்டைக்க தண்ணிய மறிக்கத் தெரிஞ்சவனுக்கு வளவில தெரியாதா?" என்றார். எடுத்த மணலோடு வயலில் இருந்து களிமண் கொண்டுவந்து சேர்த்து, வாவிப் பக்கம் வளவு எல்லையில் வரம்பு கட்டினார். அருமையான வரம்பு. வீட்டோடு அணைக்காமல் வீட்டுக்குத் தூரமாக நின்று காவல் காக்கிற வரம்பு.

டவுனில் பார்த்த வீட்டுக்காரரிடம் ரவி போனில் பேசியதை நான் கேட்டேன். "இப்ப இல்ல அண்ணன். கச்சான் முடியட்டும், பாப்பம்," என்றான். அந்த அளவு போதும் என்று சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் சரி. ஆனால் மணல் இறங்கியதும் மூன்று படியும் வெளியே வந்துவிட்டன. நல்ல உயரமான படிகள். பூமணி அக்கா வழக்கம்போலத் தட்டோடு வந்தா. முதல் படியில் கால் வைத்தா. இரண்டாவது படிக்குக் காலைத் தூக்கியவ, தட்டைப் படியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா. மேலே வாசலில் பேத்தி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அக்கா பிள்ளையைப் பார்த்தா, படியைப் பார்த்தா, பிறகு தன் முழங்காலைப் பார்த்தா. அக்காவுக்கு விளங்கிவிட்டது. எனக்கு நிலத்தில் புதைந்து போகலாம் போல இருந்தது. சுவரைச் சுகமாக்க வந்தவன் ஒரு தாயின் காலை முடமாக்கிவிட்டேனே என்று இருந்தது.

சாமித்தம்பி அண்ணனும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். தட்டை எடுத்து மேலே வைத்தார். அக்காவின் கையைப் பிடித்து மெதுவாக ஏற்றினார்.

ஆவணியில் நான் பெயின்ட் அடிக்கப் போனபோது சுவர் காய்ந்து கணீரென்று இருந்தது. புதிதாகப் பிளாஸ்டர் போட்டு, அதுவும் காய்ந்திருந்தது. பிள்ளைக்கு முட்டு முழுக்கப் போகவில்லை. ஆனால் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது குறைந்துவிட்டது என்றாள் சுகந்தி. வாசலில் பழைய மூன்று படியைக் காணவில்லை. அதே உயரத்துக்கு, அகலமாகவும் தாழ்வாகவும் நிறையப் புதுப் படிகள். ஒரு குழந்தை தவழ்ந்தே ஏறலாம். ஓரத்தில் பிடித்துக்கொள்ள இரும்பு பைப் ஒன்று. பைப்பை ரவி கொண்டுவந்தான், படியை மாமனார் கட்டினார்.

பூமணி அக்கா பைப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தா. எண்ணெய் வாசம் முன்னால் வந்தது.

"இன்னும் பூசுறீங்களா அக்கா?"

"ஓம். விட்டா பரியாரியார் கவலப்படுவாரு. என்னைச் சுகமாக்கினதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறாரு, நல்ல மனிசன். மணலெண்டு நீங்களும் வாய் தவறிச் சொல்லிராதீங்க தம்பி."

இதுவரைக்கும் சொல்லவில்லை. இங்கே பெயர் ஊர் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பீலியைப் பாருங்கள், பைப்பைப் பாருங்கள், பொலித்தீன் ஒட்டிப் பாருங்கள். அதெல்லாம் கட்டாயம். அதற்குப் பிறகு, இந்த வீட்டில் ஆக அதிகம் அக்கறை உள்ள ஆள் யார், அவர் வருடா வருடம் வீட்டுக்கு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். பிழை அங்கே இருந்தால் மண்வெட்டியை அவர் கையிலேயே கொடுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் காண்பது நல்லது. அவர் கண்டுவிட்டால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.

போன மாரியில் விடாமல் மழை பெய்த ஒரு நாள், சாமித்தம்பி அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். மழைச் சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்டது. வரம்பு உடைந்துவிட்டதா, திரும்பவும் மணல் கொட்டிவிட்டாரா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி," என்றார். "தண்ணி வரம்புக்கு அங்கால நிக்கிது. நான் கதிரையப் போட்டு வாசலப் பாத்துக் கொண்டிரிக்கன். படி எல்லாம் தெரியுது. அதச் சொல்லத்தான் எடுத்தன்."